கழிக்கும் நூல்களும் காக்கும் நூல்களும்



நூல்நிலையம் ஒன்று திறக்கப்படும்போது விழா எடுக்கிறோம். புதிய நூல்கள் வந்து சேரும்போது அவற்றின் பட்டியலை வாயிலில் ஒட்டி வைக்கிறோம். ஆனால், ஒரு நூல் நூல்நிலையத்தை விட்டு வெளியேறும்போது அதனை எவரும் கவனிப்பதில்லை. அது எப்பொழுது நீக்கப்பட்டது, எவர் நீக்கினார், நீக்கப்பட்ட பின் எங்கே சென்றது என்னும் வினாக்களை நாம் கேட்பதே இல்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கும்படி நம்மைத் தூண்டியது, கோலார் தங்கவயலில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒரு பழைய காகிதக் கடை. எடைபோட்டுக் கட்டி வைத்திருந்த செய்தித்தாள்களுக்கு நடுவே தமிழ் நூல் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தோம். மேலட்டை இல்லை. முதல் தாளில் ஏதோ ஒரு வாசகசாலையின் முத்திரை. மை மங்கிப் போனமையால் பெயர் விளங்கவில்லை. அதன் கீழே வரிசை எண் மட்டும் தெளிவாக இருந்தது. கடைசித் தாளில், நூலைத் திருப்பித் தரவேண்டிய நாள்களைக் குறிக்கும் சீட்டு. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாள்கள் பதிவாகியிருந்தன. இறுதியாகக் குறித்திருந்த ஆண்டு 1987. கதை முடியும் இடத்தில் எவரோ ஒருவர் பென்சிலால், 'இராத்திரி ஷிப்டு முடிந்து வந்து படித்து முடித்தேன்' என்று எழுதி வைத்திருந்தார்.

"இதை யார் கொண்டுவந்து போட்டார்கள்?" என்று கடைக்காரரைக் கேட்டோம்.

"மூட்டையாய் வந்தது சார். யார் என்று யாருக்குத் தெரியும்? எடைக்கு என்ன வருகிறதோ அதைக் கொடுங்கள்" என்றார்.

அந்நூல் முறைப்படி நீக்கப்பட்டது என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இல்லை. ஆதலின், அது கழிக்கப்பட்ட நூலா, களவு போன நூலா, இரவல் வாங்கியவர் வீட்டிலேயே தங்கிவிட்ட நூலா என்று எவராலும் சொல்ல இயலாது. நாற்பது பேருக்கு மேல் படித்த ஒரு நூலின் வரலாறு அந்தக் கடை வாயிலில் அற்றுப் போயிற்று.

கடையை விட்டு வெளியே வந்தால், ஊரின் எல்லையில் சாம்பல் நிற மேடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. தங்கவயல் மக்கள் அவற்றைச் சயனைடு மேடு என்பார்கள். பாறையைப் பொடித்துப் பொன்னை எடுத்துக்கொண்ட பின் எஞ்சிய கழிவு மண் அது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே தொழிலைத் தொடங்கினார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது என்பர். எடுத்தபின் குவிந்த கழிவு மண்ணோ ஏறத்தாழ 3.3 கோடி டன். இக்கழிவிலும் சிறிதளவு பொன் எஞ்சியிருக்கிறது. ஆகவே, 13 கழிவு மேடுகளை மீண்டும் தோண்டிப் பொன் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024-ஆம் ஆண்டில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒன்றைக் கழிவு என்று நாம் முடிவு செய்வது, அன்று நம் கையில் இருக்கும் அளவுகோலைக் கொண்டே. அளவுகோல் மாறினால் முடிவும் மாறும். அதே வேளையில் மற்றொன்றையும் மறக்கலாகாது. காற்றடிக்கும் மாதங்களில் அம்மேடுகளின் தூசு பறந்து வந்து வீடுகளில் படிகிறது. அங்கு வாழ்வோரின் மூச்சை வருத்துகிறது. எதையும் கழிக்காமல் குவித்து வைப்பதும் வாழ்வுக்கு ஏற்றதாகாது. நூல்நிலையத்துக்கும் இவ்விரண்டு உண்மைகளும் பொருந்தும்.

முதலில், நூல்களை நீக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை காண்போம். நூல்களைப் பெரிதும் போற்றும் நேயர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். எனினும், நீக்கத்தான் வேண்டும். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி இரங்கநாதன், 1931-ஆம் ஆண்டில் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்நிலையம் வளர்கின்ற ஓர் உயிர் என்பது ஐந்தாவது விதியின் கருத்து. அவ்வளர்ச்சியை இருவகையாக அவர் பிரித்துக் காட்டினார். குழந்தை உருவில் பெரிதாகி வளர்கிறது. முதிர்ந்த மனிதனோ உருவில் பெரிதாவதில்லை. அவன் உடலில் பழைய அணுக்கள் கழிந்து புதியன தோன்றிக்கொண்டே இருக்கின்றன. ஊர்ப்புற நூல்நிலையத்தின் வளர்ச்சி இரண்டாம் வகையைச் சார்ந்தது. இடமும் அலமாரியும் அளவுடையன. பழையன கழியாவிட்டால் புதியன புகுவதற்கு வழியில்லை.

தாள் நொறுங்கிப் படிக்க இயலாதவாறு ஆன நூலை வைத்திருந்து பயனில்லை. திருத்தப்பட்டுவிட்ட சட்டத்தின் பழைய உரை வழக்காடச் செல்பவரைத் தவறான வழியில் செலுத்தும். கைவிடப்பட்ட மருத்துவ முறையைக் கூறும் நூல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். பத்துப் பிரதிகள் வாங்கிய பாடநூலுக்குப் பாடத்திட்டம் மாறிய பின் ஒரு பிரதி போதும். கறையான் புகுந்த ஒரு நூலை அலமாரியில் விட்டு வைத்தால் அடுத்துள்ள நூறு நூல்களும் அழியும். இவற்றை நீக்குவது நூலகரின் கடமை.

இனி, எவ்வாறு நீக்குகிறார்கள் என்பதைப் பார்ப்போம். நூல்நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு நூலும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரிசை எண்ணைப் பெறுகிறது. அந்த எண் அந்நூலுக்கே உரியது. நூல் போன பின்னும் அதனை வேறு நூலுக்குத் தருவதில்லை. நீக்கத் தக்கவை என்று கருதும் நூல்களை நூலகர் தனியே எடுத்து வைத்துப் பட்டியல் எழுதுகிறார். குழு ஒன்று அப்பட்டியலைப் பார்வையிடுகிறது. உரிய அதிகாரி எழுத்து மூலம் ஆணை பிறப்பிக்கிறார். பின்னர்ச் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஆணையின் எண்ணும் நாளும் குறிக்கப்படுகின்றன. நூலில், 'நீக்கப்பட்டது' என்று முத்திரை இடப்படுகிறது. நூற்பட்டியலிலிருந்து அதன் அட்டை எடுக்கப்படுகிறது. கணினி வந்துவிட்ட இடங்களில் அதன் பதிவு திருத்தப்படுகிறது. இவ்வளவும் நிகழ்ந்த பிறகே நூல் வெளியே செல்ல வேண்டும்.

வெளியே செல்லும் வழிகளும் பலவாகும். வேறொரு நூல்நிலையத்துக்கு மாற்றலாம். பள்ளிக்கோ சிறைச்சாலைக்கோ மருத்துவமனைக்கோ அளிக்கலாம். ஒத்த நிறுவனத்துடன் பண்டமாற்றாகக் கொடுத்து வேறு நூல் பெறலாம். பொதுமக்களுக்குக் குறைந்த விலையில் விற்கலாம். இவற்றுள் எதற்கும் உதவாததைக் காகித ஆலைக்கு அனுப்பலாம். காகித ஆலை கடைசி வழியாக இருத்தல் வேண்டும். நடைமுறையில் அதுவே முதல் வழியாகிவிடுவதுண்டு. காரணம் எளியது. பத்து நூல்களைப் பத்து இடங்களுக்கு அனுப்பப் பத்துக் கடிதங்கள் வேண்டும். ஒரு மூட்டையை எடைக்குப் போட ஒரு கையொப்பம் போதும்.

மத்திய அரசு அலுவலகங்களின் நூலகங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் வழிகாட்டுகின்றன. அவற்றுள் 215-ஆவது விதி நூல்களைச் சரிபார்ப்பது பற்றியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்த்தல் வேண்டும். 20,000-க்கு மேல் 50,000 வரை இருந்தால் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கும் மேற்பட்டால் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும். ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் காணாமற்போனால், நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ இல்லாதவிடத்து, அதனை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். ஆனால், 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவாயினும் அரிய நூலும் காணாமற்போனால் கட்டாயம் விசாரணை செய்தாக வேண்டும்.

'விலை எதுவாயினும் அரிய நூல்' என்னும் கருத்தை நேயர்கள் சற்று நினைவில் இருத்த வேண்டுகிறோம். நூலின் மதிப்பு வேறு, அதன் விலை வேறு என்பதை அரசு விதியே ஒப்புக்கொள்கிறது. ஆயினும், எந்த நூல் அரியது என்பதை எவர் அறிவார்? அம்மொழியைப் படிக்கத் தெரிந்தவர் அறிவார். தமிழ் தெரியாத ஊழியர் ஒருவரின் மேசைக்குத் தமிழ் நூல்கள் வந்து சேர்ந்தால், எட்டணா விலை போட்ட மெலிந்த புத்தகம் அவர் கண்ணுக்குப் பழைய காகிதமாகவே தோன்றும். அது அவர் குற்றமன்று.

தமிழ் தெரிந்தவர்களும் தவறுவதுண்டு, நாமே தவறியிருக்கிறோம். மொழிபெயர்ப்புப் பணியின் காரணமாக வேறு மாநிலத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்தபோது, அங்குள்ள நூலகத்தைச் சரிபார்க்கும் குழுவில் நம்மையும் சேர்த்தார்கள். தமிழ் நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. பத்தாண்டுகளாக எவரும் எடுக்காதவை என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் ஆட்சிச்சொல் அகராதி ஒன்றின் பழைய பதிப்பும் இருந்தது. புதிய பதிப்பு கைவசம் இருக்கிறதே என்று எண்ணி, தயங்காமல் கையொப்பமிட்டோம். மூன்றாண்டுகள் சென்ற பின், 1960-களில் எழுதப்பட்ட நிலப் பத்திரம் ஒன்றை மொழிபெயர்க்கும் பணி வந்தது. அக்காலத்து ஆட்சிச் சொல் ஒன்றின் பொருளைத் துணிய வேண்டியிருந்தது. புதிய பதிப்பில் அச்சொல் இல்லை. பழைய பதிப்பைத் தேடினோம். நம் கையொப்பத்துடன் அது வெளியேறியதைப் பதிவேடு காட்டியது. எங்கே சென்றது என்பதைப் பதிவேடு காட்டவில்லை. அச்சொல்லின் பொருளை வேறு வழியில் கண்டுபிடிக்க ஒரு வாரம் சென்றது. அதுவரை, ஒரு குடும்பத்தின் நிலம் பற்றிய கடிதம் நம் மேசையில் காத்துக் கிடந்தது.

பழைய அகராதியை எல்லா நூலகங்களும் வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதன் ஒரு பிரதி எங்கேனும் இருக்கிறதா என்று கையொப்பமிடுமுன் நாம் கேட்டிருக்க வேண்டும். அக்கேள்வியை நாம் கேட்கவில்லை. எவரும் கேட்கச் சொல்லவும் இல்லை. எவரும் எடுக்கவில்லை என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு முடிவு செய்துவிட்டோம்.

பிற மாநிலங்களில் உள்ள தமிழ் நூல்களுக்கு இந்த அளவுகோல் மிகவும் கொடியது. கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சுரங்கத்தில் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்று உழைத்தார்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ஆண்டர்சன்பேட்டை என்னும் பகுதிகள் தோறும் தமிழ் ஒலித்தது. 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நீடித்தது. மாநில மொழியாகிய கன்னடத்துக்கு அங்குள்ள பொது நூலகங்களில் முதலிடம் கிடைப்பது முறையே. 1965-ஆம் ஆண்டின் மைசூர்ப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியுடன் நூலக வரியும் தண்டுவதற்கு வழி செய்தது. அவ்வரியைத் தமிழ்க் குடும்பங்களும் செலுத்தின. ஆதலின், அந்நூலகங்கள் அவர்களுக்கும் உரியவை.

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு நிலைமை மாறியது. வேலை தேடிப் பலர் குடிபெயர்ந்தனர். எஞ்சியவர்களில் ஆயிரக்கணக்கானோர் விடியலில் ரெயிலேறிப் பெங்களூர் சென்று, இரவு ரெயிலில் திரும்புகின்றனர். அவர்கள் புறப்படும்போது நூலகம் திறந்திருப்பதில்லை. திரும்பும்போது அது மூடியிருக்கும். பிள்ளைகளோ ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கற்கின்றனர். இந்நிலையில் தமிழ் நூல் இரவல் போகவில்லை என்று பதிவேடு கூறுமானால், குறை நூலிலா இருக்கிறது? ரெயிலின் நேரம் நூலின் விதியை முடிவு செய்துவிடுகிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது இரங்கநாதனின் மூன்றாவது விதி கூறும் கருத்து. அந்த வாசகர் இன்றைக்கே வரவேண்டும் என்று அவ்விதி கட்டாயப்படுத்தவில்லை.

பிற்காலத்தில் வரும் வாசகருக்காக ஒரு நூல் காத்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அதே தங்கவயலின் வரலாற்றில் சான்று உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து, 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' என்றே வழங்கியது. அவர் வளர்த்த சாக்கிய பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெருந்துணையாக நின்றார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர், 1920-களின் பிற்பகுதியில், தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அவ்விதழை நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதருடைய நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. சுரங்கத் தொழிலாளரின் ஊர் தமிழ் நூல் வெளியீட்டுக்கு ஒரு நிலையமாகவும் விளங்கியது.

அவ்விதழ்களும் வெளியீடுகளும் பல ஆண்டுகள் பொதுமக்களின் நினைவிலிருந்து மறைந்து கிடந்தன. பெரிய நூலகங்களின் அலமாரிகளில் அவற்றைத் தேடிக் காண்பது எளிதாக இல்லை. அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்கள் தம் வீடுகளில் பழைய பிரதிகளைப் பேணி வைத்திருந்தார்கள். அவ்வாறு காக்கப்பட்டவற்றைத் துணையாகக் கொண்டு, ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வாயிலாக வெளிவந்தது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டின் நவீன வரலாற்றை எழுதுவோர் எவரும் பண்டிதரை ஒதுக்கிவிட்டு எழுத இயலாத நிலை உண்டாயிற்று.

இதழ் தொடங்கியது 1907-இல். தொகுப்பு வந்தது 1999-இல். இடையில் 92 ஆண்டுகள். பத்தாண்டுகள் எவரும் எடுக்காத நூலைக் கழிப்போம் என்னும் அளவுகோலை அவ்வீடுகளிலும் கையாண்டிருந்தால், ஒன்பது முறை அவ்விதழ்கள் பழைய காகிதக் கடைக்குச் சென்றிருக்கும். ஒருமுறை சென்றாலே போதுமே!

புகழ்பெற்ற நூலகங்களும் இத்துறையில் தடுமாறியதுண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பொது நூலகம் 1996-இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தை ஒட்டி, இரண்டு இலட்சம் நூல்களுக்குக் குறையாமல் குப்பைமேட்டுக்கு அனுப்பப்பட்டன என்று எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் குற்றஞ்சாட்டினார். நூலகத்தார் அக்கணக்கை ஏற்கவில்லை. எனினும், ஊர்மக்களிடையே பெரும் வாதம் எழுந்தது. நூல்கள் நீக்கப்பட்டதைவிட, தமக்குத் தெரியாமல் நீக்கப்பட்டதே மக்களைப் பெரிதும் வருத்தியது.

இதற்கு மாறாகப் பின்லாந்து நாட்டின் ஏற்பாட்டைப் பாருங்கள். அந்நாட்டில் கோபியோ என்னும் நகரில் 1989-ஆம் ஆண்டு முதல் தேசியச் சேமிப்பு நூலகம் ஒன்று இயங்குகிறது. நாட்டின் மற்ற நூலகங்கள் தமக்கு வேண்டாத நூல்களை அங்கே அனுப்பலாம். அங்கே ஏற்கெனவே இல்லாத நூலாயின் அதனை ஏற்றுக் காப்பார்கள். எந்த ஊரார் கேட்டாலும் அங்கிருந்து இரவல் அனுப்புவார்கள். இதனால் சிறிய நூலகம் அச்சமின்றி நூலை நீக்குகிறது. நாடும் அந்நூலை இழப்பதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் அளிப்புச் சட்டத்தின்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலையும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்புதல் வேண்டும். ஆனால், அச்சட்டத்துக்கு முன் வெளிவந்தவையும், சட்டத்தை அறியாத சிறு வெளியீட்டாளர்கள் அச்சிட்டவையும் அந்த வலைக்குள் முழுமையாக அகப்படவில்லை. அவ்விடைவெளியைத் தனி மனிதர்கள் நிரப்பினார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பழைய நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும்கூட வாழ்நாள் முழுவதும் சேகரித்தார். 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்தது. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் பிறவும் அதனால் காக்கப்பட்டன. அவற்றுள் பல, பிறர் வேண்டாமென்று விட்டவை.

ஆதலின், நூலை நீக்கும் பொறுப்பில் உள்ளோர் கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் கூறுகிறோம். இந்நூலின் வேறொரு பிரதி எங்கேனும் காக்கப்படுகிறதா? இம்மொழி அறிந்த ஒருவர் இதனைப் பார்த்தாரா? இதனை ஏற்கக் கூடிய வேறு நிறுவனம் உண்டா? இது எங்கே செல்கிறது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டதா? இந்நான்குக்கும் விடை கிடைத்த பின் காகித ஆலைக்குச் சென்றாலும் குற்றமில்லை. முதற் கேள்விக்கு விடை காண்பது முன்னைப் போல் அரிதும் அன்று. பெரிய நூலகங்களின் பட்டியல்களை இருந்த இடத்திலிருந்தே கணினியில் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்கள் பலவற்றை மின்வடிவாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வைத்திருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் தமிழ்ப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாதம் ஒரு நூலேனும் இரவல் எடுங்கள். அச்சீட்டில் விழும் ஒரு நாள் முத்திரை, அந்நூலின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டிக்கும். வார நாள்களில் செல்ல இயலாதவர்கள் விடுமுறை நாளிலும் மாலையிலும் நூலகத்தைத் திறந்து வைக்குமாறு ஊரார் பலருடன் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். நூல்களை நீக்கப் போகிறார்கள் என்று அறிந்தால், சினங்கொண்டு செல்லாமல் உதவியாளராகச் செல்லுங்கள். 'தமிழ்ப் பட்டியலைப் படித்துப் பார்த்துச் சொல்கிறோம்' என்று முன்வந்தால் பல நூலகர்கள் மகிழ்ந்து வரவேற்பார்கள். அவர்களுக்கும் நூலை எடைக்குப் போடுவதில் மகிழ்ச்சி இல்லை. நீக்கிய நூல்களை ஏற்றுக்கொள்வதற்குத் தமிழ்ச் சங்கங்களும் முன்வரலாம். 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும், 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் தத்தம் ஊர்களில் நூலகம் நடத்தி வந்துள்ளன. சிறிய ஊர்களின் சங்கங்களும் ஓர் அலமாரி அளவிலேனும் அவ்வழியைப் பின்பற்றலாம்.

இறுதியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் தந்தையோ பாட்டனாரோ வைத்துச் சென்ற நூல்கள் இருக்கக்கூடும். சங்கத்தின் ஆண்டு மலர், தொழிற்சங்கத்தின் துண்டு வெளியீடு, கோயில் திருவிழாவின் பாட்டுப் புத்தகம் ஆகியவற்றுக்குக் கடையில் விலை இல்லை. ஆனால், வேறெங்கும் பிரதி இல்லாதது அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். வீடு மாறும்போது அவற்றை எடைக்குப் போடுமுன், ஆராய்ச்சி நூலகம் ஒன்றுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்று சொல்லிய பின் எடைக்குப் போடலாம்.

இராபர்ட்சன்பேட்டைக் கடையில் கண்ட அந்த நூலை எடைக்குரிய விலை கொடுத்து வாங்கி வந்தோம். அதன் மற்றொரு பிரதி ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கிறது என்று பின்னர்த் தெரிய வந்தது. ஆகவே, அது அரிய நூல் அன்று. எனினும் அதனை நாம் கழிக்கவில்லை. அப்பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஒரு தொழிலாளர் பென்சிலால் எழுதிய வரி மற்றப் பிரதியில் இல்லை.